மறைத்து வைத்த வீக்கம்



பெண்ணாடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாலிபன், வார்டில் படுத்திருந்த தன் தகப்பனாருக்குத் துணையாக வந்திருந்தான். நாங்கள் ஜெபித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எங்களோடு வராந்தா வரைக்கும் வருவான், ஒன்றும் பேசமாட்டான். நான்காம் நாள் இரவில்தான், "ஐயா, எனக்கு விரை வீங்கியிருக்கிறது. வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள்" என்று சொல்லி அழுதான். இரண்டு வருஷமாக வேட்டிக்குள் மறைத்திருக்கிறான். கெட்ட நடத்தையால் வருவது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தான்.

அது பொய். விரையைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வுக்குள் நீர் கட்டுவதே இந்த வியாதி. குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருந்து, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே வற்றிவிடும். வாலிபருக்கு அடிபட்டாலும் வரும், கிருமி தாக்கினாலும் வரும். சில வேளை விரையில் உண்டாகும் கட்டியும் இந்த நீருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆகவே வலியில்லை என்று சும்மா இருக்கலாகாது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.

நம்முடைய கடலூர்ப் பகுதியில் யானைக்கால் புழுவையும் சொல்லவேண்டும். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறி வருஷக்கணக்காக உயிர்வாழும். சிறுவயதில் கடித்த கொசுவின் பலன் வாலிபத்தில் தெரிகிறது. இரத்தத்தில் அதன் குஞ்சுகள் இரவிலேதான் நடமாடும். அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வந்து விரல் நுனியில் குத்தினார்கள். 1996-ல் நமது மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் டி.இ.சி. மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். பலர் வாங்கி விழுங்காமல் வைத்தார்கள். நாங்களும் ஒரு வருஷம் மேஜை டிராயரில் போட்டுவைத்தவர்கள்தான்.

அந்த மாத்திரை புழு பரவுவதைத் தடுக்கும்; கட்டிய நீரை வற்றச் செய்யாது. ஊசியால் உறிஞ்சினால் மறுபடியும் சேரும், சீழும் பிடிக்கலாம். ஆபரேஷன்தான் வழி. முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்யும் சிறிய ஆபரேஷன். கூலிவேலைக்காரருக்கோ பஸ் கட்டணமும், பாரம் தூக்காமல் வீட்டிலிருக்கும் வாரங்களும்தான் பெரிய செலவு. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்கும் போகிறது.

அந்த வாலிபனுக்குக் கட்டி ஒன்றும் இல்லை, ஆபரேஷன் ஆயிற்று. டிஸ்சார்ஜ் சீட்டில் வியாதியின் பெயரை எழுதவேண்டாம் என்று கெஞ்சினான். டாக்டர் எழுதத்தான் செய்தார். போன மாதம் அவனே தன் சித்தப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறதாம்.