புழு போனது, நோய் திரும்பியது

இன்னைக்கு என்னை ரொம்ப நாளா யோசிக்க வைக்கிற ஒரு ஆய்வைப் பத்திப் பேசப்போறேன்.

மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயில், நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்புகளின் உறையைத் தாக்கும். அர்ஜென்டினாவில் ஹோர்ஹே கொரியாலே என்ற நரம்பியல் மருத்துவர், இந்த நோயுள்ள 24 பேரைச் சில வருடங்கள் கவனித்தார். 12 பேர் குடலில் புழு இருந்தது. மீதி 12 பேருக்கு இல்லை. புழு இருந்தவங்களுக்கு நோய் ரொம்பக் குறைவாவே தாக்குச்சு. 2007இல் இது வெளியானது.

காரணம் என்ன? புழு நம்ம உடம்புல பல வருஷம் பிழைக்கணும்னா, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கணும். அதற்காக ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்குகிறது. அந்த அமைதி நரம்புக்கும் கிடைச்சிருக்கு.

பிறகு புழுத் தொந்தரவு அதிகமாகி, 4 பேருக்கு மருந்து கொடுத்தாங்க. புழு ஒழிந்தது. கூடவே அந்த டி செல்களும் குறைந்தன. நோய் மறுபடி தலைதூக்கியது.

'அப்போ புழுவை விட்டுவைக்கலாமா?'ன்னு கேட்டா, வேண்டாம். 4 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பின்னர் பிரிட்டனில் 71 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொக்கிப்புழு கொடுத்துப் பார்த்தாங்க. மூளை ஸ்கேனில் பெரிய வித்தியாசம் தெரியல. அதே கொக்கிப்புழு குழந்தைகளின் ரத்தத்தைக் குடித்து ரத்தசோகையை உண்டாக்கும். அதனால, நம்ம பள்ளிகளில் தர்ற அல்பெண்டசோல் மாத்திரை அவசியம்.

புழு நமக்கு வேண்டாம். எதிர்ப்பை அடக்க அது சுரக்கும் பொருள் மருந்தாகுமா? இப்போ தேடல் அங்கதான் நடக்குது.