கூட்டிய குப்பையை யார் அள்ளியது?

(கோடை முகாமுக்குச் செல்லும் மாணவர்களிடையே ஆமத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகிற பிள்ளைகள், கொஞ்சம் உற்சாகமாகப் பேசுங்கள்" என்று தோழர்கள் சொன்னார்கள். முயற்சி செய்கிறேன். ஆனால் என் முதல் முகாமைச் சொல்லாமல் என்னால் தொடங்க முடியாது.

கல்லூரி இரண்டாம் ஆண்டு. இதே மாவட்டத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் தங்கினோம். கோயில் வாசல், பேருந்து நிறுத்தம், மந்தை என்று நாளுக்கொரு இடமாகக் கூட்டினோம். குப்பையை ஒரு மூலையில் குவித்து, விளக்குமாற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் காலனியிலிருந்து ஓர் அம்மா வந்து அந்தக் குவியலைக் கூடையில் அள்ளினார். நான் கை கொடுக்கப் போனேன். "நீ படிக்கிற புள்ள, விடு தாயி" என்றார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். அதன்பிறகு என்னை அவர் பார்த்த பார்வை வேறு.

அந்த ஏழு நாளில் எங்கள் முகாம் காலனிக்குள் ஒரே ஒருமுறைதான் போனது. சுத்தமாக இருப்பது எப்படி என்று அவர்களுக்கு அறிவுரை சொல்வதற்காக.

இந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். "நான் அல்ல, நீ" என்பது முழக்கம். நான் இதைக் கேலி செய்ய வரவில்லை. வேறு சாதிப் பிள்ளையோடு ஒரே தரையில் படுத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் அனுபவம் பலருக்கு இந்த முகாமில்தான் கிடைத்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த முழக்கத்தில் வருகிற "நீ" யார்?

2018 கோடையில் ஒன்றிய அரசு தூய்மை இந்தியா கோடைக்காலப் பயிற்சி என்று ஒன்றை அறிவித்தது. மாணவர்கள் கிராமத்தில் 100 மணி நேரம் தூய்மைப் பணி செய்ய வேண்டும். சான்றிதழ் உண்டு, பரிசு உண்டு, பல்கலைக்கழக மானியக் குழு ஒப்புதலோடு இரண்டு கிரெடிட்டும் உண்டு. நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 100 மணி நேரம் என்பது பன்னிரண்டரை நாள். அந்த அம்மா அதைப் பதின்மூன்றாம் நாள் முடித்துவிட்டுப் பதினான்காம் நாள் மறுபடி தொடங்குவார். நமக்குச் சேவை என்று எழுதப்படும் அதே வேலை, அவருக்குப் பிறப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. கோடையில் 100 மணி நேரம் சும்மா கிடைப்பது யாருக்கு? என் முகாம் முடிந்த மறுவாரமே நான் அம்மாவோடு வேனில் ஏறி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்; ஏசி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி ஒட்டி அடுத்த பருவக் கட்டணத்தைச் சேர்த்தேன். வெயில் ஏற ஏற மருந்து அறைப் பக்கமே அம்மாவின் கண் போகும். 2012இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது நாங்கள் எல்லோரும் தெரிந்தவர் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினோம். அந்தக் கோடை உழைப்புக்கு எந்தக் கல்லூரியும் கிரெடிட் தராது.

அப்படியானால் முகாமில் என்ன செய்வது? இதற்கு அண்ணல் அம்பேத்கர் 1932லேயே ஒரு திட்டம் கொடுத்தார். மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும் வழியில், நவம்பர் 14 அன்று, பின்னாளில் ஹரிஜன சேவக் சங்கம் ஆன அமைப்பின் செயலாளர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தீண்டப்படாதவர்களின் நடத்தையைத் திருத்துவதை வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க, ஊர்ப் பள்ளியில் சேர, பொதுச் சாவடியில் உட்கார உள்ள உரிமையை நிலைநாட்டத் தொண்டர்களைக் கிராமங்களுக்கு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். ஆலைகளில் அடைக்கப்பட்டிருந்த வேலைகளைத் திறந்துவிடவும் கேட்டார். கடிதம் கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை என்று பின்னால் பதிவு செய்திருக்கிறார். தொண்ணூறு ஆண்டு கழித்து நாமாவது பதில் எழுதலாம்.

தனிக்குவளை இருக்கிறதா, காலனிக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா என்று கணக்கெடுங்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காத பிள்ளைகளை உட்கார வைத்து விண்ணப்பம் நிரப்புங்கள். ஆபீசுக்குப் போகிறவர்களில் நல வாரிய அட்டை யாருக்கு இல்லை, யார் பெயர் பதிவேட்டிலேயே இல்லை என்று வீடு வீடாகக் கேளுங்கள். உள்குத்தகைக்கு விட்ட இடத்தில் வெடித்தால் முதலில் காணாமல் போவது பதிவேடுதான்.

"முகாமில் அரசியல் வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் முகாம் அந்தப் பிரிவு இந்தத் தெருவில் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பது பாடத்திட்டத்துக்குள்தான் வரும் என்று பணிவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், வகுப்பையும் எடுங்கள்.

நானும் இரண்டு தோழர்களும் சேர்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். கடைசிக் கேள்வி, இந்த ஊரில் குப்பை அள்ளுபவர் யார், மாதம் எவ்வளவு வாங்குகிறார், கையுறை கொடுத்தார்களா என்பது. தலைவரிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேட்டு எழுதுங்கள். படிவங்கள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள்.