பட்டமும் குடியும்

இறக்காமக் குளத்தை அண்டி, வயல்கள் சூழ அமைந்த ஊர்களுள் வரிப்பத்தான்சேனை ஒன்று. சேனை என்பது காடு வெட்டிச் சுட்டுப் பயிர் செய்யும் நிலத்துக்குக் கிழக்கிலங்கையில் வழங்கும் பெயர். இவ்வூரிலோ, கடலோரத்துக் கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலோ ஒரு கலியாணப் பேச்சு எழுந்தால், பழைய தலைமுறையினர் முதலிற் கேட்பது மாப்பிள்ளையின் தொழிலையன்று, காணி பூமியையுமன்று. "என்ன குடி?" என்பதே முதற் கேள்வி. இன்றைய இளைஞனிடம் இதனைக் கேட்டால், "உம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பான். உம்மாவுக்கும் ஐயம் இருப்பின், மூத்தம்மாவிடம் போவார். வாப்பாவிடம் எவரும் போவதில்லை. ஏனெனில், குடி என்பது இங்கே தாய் வழியாக வருவது. வாப்பாவின் குடி வேறு, பிள்ளையின் குடி வேறு.

குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டென்றும், முன்வரிசைக்குரிய குடி இன்னது, பின்வரிசைக்குரிய குடி இன்னது என்றும் முன்னோர் பேசினர். பிறப்பினாலே சிறப்பு என்னும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? அதன் வேரைக் காண வேண்டுமாயின், சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பது நன்று. குலப் பெருமையை ஏடு எழுதிக் காத்த நாடுகளுள் ஜேர்மனி முன்னிற்பது. அந்நாட்டுப் பிரபுக் குடும்பங்களின் கதையை முதலிற் கூறி, பின்னர் நம் வயற்கரைக்குத் திரும்புவேன்.

ஜேர்மன் பிரபுக்களின் பட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பல முதலில் உத்தியோகப் பெயர்களாகவே இருந்தன. 'கிராவ்' என்பவன் அரசனுக்காக ஒரு நாட்டுப் பகுதியில் வழக்குத் தீர்த்து, வரி தண்டிய அதிகாரி. 'மார்க்கிராவ்' என்பவன் எல்லைப்புறத்தைக் காத்தவன். 'பேர்க்கிராவ்' என்பவன் கோட்டைக் காவலன். 'ஹெர்சோக்' என்னும் சொல்லுக்குப் படையை நடத்திச் செல்பவன் என்பதே பொருள். அரசன் கொடுத்த வேலை அது. அரசன் நினைத்தால் எடுத்துவிடத்தக்க வேலையுமாகும். தந்தை பார்த்த வேலையை மைந்தன் பார்க்க, மைந்தனுடையதைப் பேரன் பார்க்க, சில தலைமுறை கழிந்தபின் அது வேலை என்பதை எல்லோரும் மறந்தனர். இரத்தத்தில் ஊறிய சிறப்பு என்று எண்ணத் தலைப்பட்டனர்.

ஹோகென்சொலேர்ண் என்னும் குடும்பத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1192 ஆம் ஆண்டளவில் நியூரம்பேர்க் நகரக் கோட்டையின் காவற் பொறுப்பு அக்குடும்பத்துக்குக் கிடைத்தது. 1415 இல் பிராண்டன்பேர்க் நாடு அதன் வசமாயிற்று. 1701 இல் அக்குடும்பத்தவர் பிரஷியாவில் அரசராயினர். 1871 இல் ஜேர்மன் பேரரசராயினர். 1918 இல் முடி துறந்தனர். கோட்டைக் காவலன் பேரரசனாக ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் சென்றன. பேரரசன் குடிமகனாக ஒரே ஒரு நாள் போதுமாயிற்று.

இன்னொரு வியப்பும் உண்டு. பிற்காலத்தில் குலப் பெருமை பேசிய வீரர் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், பிரபுக்களிடம் கட்டுண்ட பணியாட்களாக இருந்தவர்கள். சுதந்திரமற்ற நிலையிலேதான் அவர்கள் குதிரை ஏறிப் போர் செய்தனர்; தம் தலைவனின் வீட்டையும் நிலத்தையும் மேற்பார்த்தனர். மெல்ல மெல்ல அவர்களும் பிரபுக்களாயினர். ஆகவே, 'மேற்குடி' எனப்படுவதன் அடியைத் தோண்டினால், அங்கே ஓர் ஏவலாள் நிற்பதும் உண்டு.

பின்னர்ப் பட்டம் ஓலையில் வந்தது. 1360 ஆம் ஆண்டில் பேரரசன் நான்காம் சார்ல்ஸ் ஒருவனுக்குப் பிரபுப் பட்டத்தை எழுத்திலே வழங்கினான். அதன்பின், தொன்றுதொட்டு வந்த பிரபுக்கள் என்றும், ஓலை பெற்ற பிரபுக்கள் என்றும் இரு வகுப்பு உண்டாயிற்று. முன்னையோர் பின்னையோரை இகழ்ந்தனர். தம் பழைமையை நிலைநாட்டப் பொய் சொல்லவும் சிலர் கூசவில்லை. 1358, 1359 ஆம் ஆண்டுகளில் ஒஸ்திரியக் கோமகன் நான்காம் ருடோல்வின் அரண்மனையில், ஜூலியஸ் சீசரும் நீரோவும் தம் நாட்டுக்குச் சலுகை அளித்ததாகக் காட்டும் பொய்ச் சாசனங்கள் புனையப்பட்டன. பேரரசன் அவற்றைப் புலவர் பெத்திரார்க்குக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டான். அவை பொய்யென்று புலவர் ஐயமறக் காட்டினார். ஆயினும், அக்குடும்பத்திற் பிறந்த பேரரசனே ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அச்சாசனங்களை உறுதிப்படுத்தினான். பொய் அங்கே உரிமையாயிற்று.

நேயர்களே, இனி நம் நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்புத் தேசம் என்று முன்னாளிற் கூறப்பட்ட நிலப்பரப்பு, இன்றைய மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களின் கரையோரத்தை உள்ளடக்கியது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்தான். இத்தேசம் பற்றுகளாகப் பிரிந்திருந்தது. கரவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று, சம்மாந்துறைப் பற்று, அக்கரைப்பற்று, பாணமைப் பற்று என்பன தென்பகுதியில் இருந்தவை. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜேக்கப் பேர்ணாண்ட், தமக்குப் பின் வருபவருக்கென ஒரு குறிப்பு எழுதி வைத்தார். நாட்டை நடத்துவது உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டே என்பது அதனால் நன்கு விளங்கும்.

அத்தலைவர்களின் பட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்திற் பற்றுக்குத் தலைவர் வன்னியனார். அவருக்குக் கீழே உடையார். அவருக்கும் கீழே ஊர் விதானையார். வயல் வட்டைக்கு நீர் பங்கிட வட்ட விதானை. பெரும் வயல் நிலங்களை உடையவர் போடியார். கோயிற் காரியங்களைத் தமிழரிடையே குடியின் சார்பிற் பார்த்தவர் வண்ணக்கர். முஸ்லிம்களிடையே பள்ளிவாசற் காரியங்களைக் குடியின் சார்பிற் பார்த்தவர் மரைக்காயர். போடியார் நீங்கலாக இவை யாவும் வேலையின் பெயர்கள். போடியாரும், வயற்காரர் பலரின் பிழைப்புக்குப் பொறுப்பாய் நின்றவர். ஜேர்மனியின் கிராவும் நம் வன்னியனாரும் ஒரே வகையிற் பிறந்தவர்கள் என்று சொன்னால் அது மிகையன்று. ஓலையாற் பட்டம் பெற்றோரும் இங்கு இருந்தனர். 'கேற் முதலியார்' என்பது, பதவி சாராது மதிப்புக்காக ஆங்கில அரசு வழங்கிய பட்டம். அதனைப் பெற்ற எம். எஸ். காரியப்பர் பின்னர் கல்முனைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். பட்டத்தின் காலம் போய், வாக்குச் சீட்டின் காலம் வந்தமைக்கு அது ஓர் அடையாளம்.

பதவிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. பற்றுத் தலைவர் முறை 1946 இல் ஒழிந்து, பிரிவுக் காரியாதிகாரிகள் வந்தனர். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயல் விதானைமாரின் பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. 1963 இல் ஊர்த் தலைவருக்குப் பதிலாகக் கிராம சேவகர் வந்தார். ஆனாற் பெயர்கள் மறையவில்லை. இன்றும் ஒருவரை 'விதானையார் மகன்' என்கின்றோம். 'உடையார் வளவு' என்று ஒரு வளவைச் சுட்டுகின்றோம். போடி, மரைக்கார் என்னும் சொற்களைப் பெயரோடு சேர்த்தே எழுதுகின்றோம்.

ஜேர்மனியிலும் இதுவே நிகழ்ந்தது. 1919 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பிறப்பாலும் குலத்தாலும் வரும் சலுகைகளை நீக்கியது. பட்டத்தைப் பெயரின் ஒரு பகுதியாக மட்டும் வைத்துக்கொள்ள விட்டது. அதே ஆண்டில் ஒஸ்திரியாவோ பெயரிலும் அது இருத்தலாகாது என்று விதித்தது. எனவே ஜேர்மனியில் இன்று ஒருவர் 'கிராவ்' என்று கையொப்பமிடலாம். வரி தண்டவோ வழக்குத் தீர்க்கவோ அவருக்கு உரிமை இல்லை. வேலையில் தொடங்கிய பட்டம் பிறப்பாகி, பிறப்பிலிருந்து வெறும் பெயராகி முடிந்தது.

இவ்வளவும் ஒற்றுமை. இனி வேற்றுமையைக் கூறுவேன். நான் சொல்ல வந்த பொருள் அதில்தான் இருக்கின்றது. ஜேர்மனியிற் சில மடங்களிலும் வீரர் சங்கங்களிலும் சேர விரும்பியவன், தந்தை வழியில் எண்மரும் தாய் வழியில் எண்மருமாகப் பதினாறு மூதாதையரும் பிரபுக்களே என்று காட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் பெயரும் பட்டமும் நிலமும் தந்தை வழியாகவே சென்றன. தாய், சான்றுக்கு மட்டுமே வேண்டப்பட்டாள்.

நம் கீழ்க்கரையில் தாயே தொடக்கம். ஒரு தாய் வயிற்றுத் தொடர்ச்சியை இங்கே 'வயிற்றுவார்' என்பர். ஒரே குடியினர் தமக்குள் கொண்டு கொடுப்பதில்லை. மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வருகின்றான். பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. இம்முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருப்பதற்கு ஒரு கதை சொல்வர். திமிலரோடு முக்குவர் பொருதபோது முஸ்லிம்கள் துணை நின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவர் தம் பெண்களை மணம் செய்வித்தனர் என்றும், அப்பெண்களோடு குடி முறையும் வந்தது என்றும் அக்கதை கூறும். கதை எவ்வளவு உண்மையோ, ஒன்று மட்டும் தெளிவு. ஆண்களின் போரை நினைவு கூரும் அக்கதையிலும் குடியைக் கொணர்ந்தவர்கள் பெண்களே.

முக்குவர் வழக்கத்தைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876 இல் நூலாக்கினார். ஒருவனுடைய முதுசொம் அவன் பிள்ளைகளுக்கன்றி, அவன் சகோதரியின் வழிக்குச் செல்லும் என்பது அவ்வழக்கம். அதே ஆண்டில் வந்த 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை ஒழித்தது. முஸ்லிம்களின் வாரிசுரிமை இஸ்லாமியச் சட்டப்படி நடப்பது; 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதனை உறுதிசெய்தது. ஆனால் இறந்தபின் பங்கிடுவதற்குத்தானே அச்சட்டங்கள்? பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துவிடும் வழக்கத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை. குடியின் பெருமை பேச்சில் இருந்தது. குடியின் பொருள் அந்த வீட்டில் இருந்தது.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் மாண்டது அம்பாறை மாவட்டத்திலேயாம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கடலை அடுத்த வரிசை வரிசையான வீடுகள் அழிந்தன. அவற்றுட் பல, பெண்கள் தாய் வழியிற் பெற்றவை. பின்னர் அரசும் உதவி நிறுவனங்களும் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தபோது, குடும்பத் தலைவர் யார் என்று பத்திரம் கேட்டது. பல இடங்களிற் கணவன் பெயர் எழுதப்பட்டது. கொடுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்களல்லர். அவர்களுடைய பத்திரத்தில் அந்தக் கட்டம் அப்படி அச்சாகியிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுரிமை, ஒரு கையொப்பத்திற் கணவன் பக்கம் போயிற்று.

இதனை எண்ணுங்கால் உள்ளம் வருந்துகின்றது. வன்னியனார் பதவி ஒழிந்து தலைமுறைகள் சென்றபின்னும் அந்தப் பெயரை நாம் மறக்கவில்லை. பள்ளிவாசலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்று வாதாடியவர்கள் நம்மிடையே இருந்தனர். ஆனால் குடி என்னும் அமைப்பில் உண்மையான பயன் எதுவோ, அதாவது மணமுறிவிலும் கைம்மையிலும் ஒரு பெண் தெருவில் நிற்காதபடி காத்த அந்த வீடு, கை மாறியபோது அதனைக் கேட்க ஆட்கள் மிகக் குறைவாகவே இருந்தனர். பட்டத்துக்குச் சாட்சி பலர் இருந்தனர். வீட்டுக்குச் சாட்சி இல்லை. வீடு மகளுக்கென்பது எல்லோரும் அறிந்ததாகையால், அதனை எழுதி வைக்கும் தேவையை முன்னோர் பலர் உணரவில்லை.

சீதனத்தை ஆதரித்துப் பேசுகின்றாய் என்று நேயர்களிற் சிலர் நினைக்கலாம். இல்லை. மகளுக்கு வீடு கட்ட முடியாமல் வாப்பாமார் கடனாளிகளாவதையும், சகோதரிகளுக்காகச் சகோதரர் கடல் கடந்து உழைப்பதையும் நான் அறியாதவனல்லேன். மாப்பிள்ளை வீட்டார் விலை கேட்பது வேறு. தாய் தன் வீட்டை மகளுக்கு விட்டுச் செல்வது வேறு. முன்னதை ஒழிக்க முனையும்போது பின்னதையும் சேர்த்து வீசிவிடலாகாது.

ஜேர்மனியின் கதை நமக்குக் கற்பிப்பது யாது? பட்டங்களின் பிறப்பிடம் கடமை. கடமை போனபின் பட்டம் ஓர் ஒலி. நம் குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு பேசுவதும் அத்தகைய ஒலியே, அது போகட்டும். எவர் முன்னோர் எந்த வரிசையில் நின்றனர் என்பதனால் இன்று எவருடைய வயலும் விளையப்போவதில்லை. ஆனால் குடியின் கடமையாய் எஞ்சியிருப்பதைக் காப்போம். உங்கள் இல்லத்து மூத்தம்மா இன்னும் இருப்பாராயின், அவரருகே அமர்ந்து கேளுங்கள். எந்தக் குடி என்று மட்டும் கேட்டு எழுந்துவிடாதீர்கள். இந்த வளவு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தக் கிணறு எந்த மகளுக்கு என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். உறுதியில் உரியவளுடைய பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையாயின், இருப்பவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்துவையுங்கள்.