கொடுத்து வாழ்ந்த இல்லங்கள்

(நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பொதுநிலையினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

2024-ஆம் ஆண்டு கோடையில், பாரிஸ் நகரில் குடியிருக்கும் என் தம்பி மகன் அழைப்பின் பேரில் பிரான்சு நாட்டுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புதுவையிலிருந்து சென்று அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம்மவர் பலர் உண்டு. நான் திரும்பி வந்ததும் பங்குத் தந்தை அவர்கள், "ஐயா, ஈபெல் கோபுரத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் தங்கிய மடங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அவர் சொல்லைத் தட்டாமல் இங்கு நிற்கிறேன்.

பிரான்சு நாட்டைத் திருச்சபையின் மூத்த மகள் என்பார்கள். இன்றோ அந்நாட்டின் பல கோவில்களில் ஞாயிற்றுக்கிழமையும் முன்வரிசைகளில் சில முதியவர்களையே காண முடிகிறது. இந்நிலையில் அங்குள்ள துறவற இல்லங்கள் எப்படி இருக்கும் என்ற கேள்வியோடுதான் புறப்பட்டேன். பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள பர்கண்டிப் பகுதியில் மூன்று இடங்களையும், பிறகு பாரிஸ் நகரிலேயே ஒரு தெருவையும் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீத்தோ மடம்

திஜோன் நகருக்குத் தெற்கே வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவில் இருக்கிறது சீத்தோ. 1098-ஆம் ஆண்டு புனித ராபர்ட் என்னும் மடாதிபதி, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அதன் முழு எளிமையோடு வாழ வேண்டும் என்னும் ஆவலில், தம் பழைய மடத்தை விட்டுச் சில துறவியரோடு இந்தச் சதுப்புக் காட்டில் வந்து குடியேறினார். தொடக்கத்தில் ஆள் சேரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் இளைஞரான பெர்நார்து, தம் உடன்பிறந்தார், உறவினர், நண்பர் என்று ஏறத்தாழ 30 பேரை அழைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அவரே நாம் வணங்கும் புனித பெர்நார்து. சிஸ்டர்சியன் சபை ஐரோப்பா எங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது மடம் பறிக்கப்பட்டுத் துறவியர் விரட்டப்பட்டனர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1898-இல்தான் துறவியர் மீண்டும் அங்கே வந்தனர். அவர்கள் தங்கள் கையால் உழைத்தே உண்கிறார்கள். மாடு வளர்த்து அவர்கள் செய்துவந்த பாலாடைக்கட்டி நாடறிந்தது.

விடியுமுன், நல்ல இருட்டில், மணி அடிக்கிறது. கோவிலுக்குள் நுழைந்தேன். ஒரு முதிய துறவி ஊன்றுகோலோடு, இளம் துறவி ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு வந்து தம் இடத்தில் அமர்ந்தார். திருப்பாடல்களை இரு பக்கமும் மாறி மாறிப் பாடினார்கள். ஒலிபெருக்கியின் முழக்கம் இல்லை. நாம் கேட்டுப் பழகிய இசைக்கருவிகளும் இல்லை. இப்படி ஒரு நாளில் ஏழுமுறை. விருந்தினரைக் கவனிக்கும் துறவியிடம், இந்த நேரத்தில் யாருக்காகச் செபிக்கிறீர்கள் என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். உறங்குகிறவர்களுக்காகவும், உறக்கம் வராமல் தவிக்கிறவர்களுக்காகவும் என்றார் அவர். மருத்துவமனையில் கண் விழித்திருக்கும் நம் நோயாளிகளை நினைத்துக்கொண்டேன்.

குளூனி

அங்கிருந்து குளூனி என்னும் சிற்றூருக்குச் சென்றோம். 910-ஆம் ஆண்டு அக்குவித்தேன் கோமகன் வில்லியம் கொடுத்த நிலத்தில் அங்கே ஒரு மடம் தோன்றியது. வளர்ந்து, நூற்றுக்கணக்கான மடங்களுக்குத் தலைமை இல்லமாயிற்று. மடாதிபதி புனித ஒதிலோ, இறந்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் நவம்பர் 2-ஆம் நாளில் செபிக்க வேண்டும் என்று 998-ஆம் ஆண்டளவில் தம் மடங்களுக்குக் கட்டளையிட்டார். ஆண்டுதோறும் நாம் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அந்தக் கல்லறைத் திருநாள் இந்த ஊரிலிருந்துதான் உலகத் திருச்சபைக்குப் பரவியது.

1088-இல் தொடங்கி அங்கே எழுப்பிய கோவிலின் நீளம் 187 மீட்டர். ரோமையில் இப்போதைய புனித இராயப்பர் பேராலயம் கட்டப்படும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோவில் இருந்ததில்லை. புரட்சிக்குப் பிறகு அதை விலைக்கு வாங்கியவர்கள், கல் எடுக்கும் குவாரியைப் போல் வெட்டி விற்றார்கள். பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சவில்லை. நெடிய கோபுரம் ஒன்றும் கோவிலின் தென்கை ஒன்றும் மட்டும் நிற்கின்றன. தூண்கள் இருந்த இடத்தில் அடிப்பாகங்களையே பார்த்தோம்.

மனம் கனத்துத்தான் நின்றேன். ஆனால் என் தாயார் சிறுமியாக இருந்தபோது புதுவையில் குளூனி கன்னியரிடம் பூத்தையல் கற்றவர். "எங்க குளூனி அம்மா" என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது ஓர் ஊரின் பெயர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பெயர் நம்மிடம் வந்த வரலாறு இதுதான். பர்கண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1779-இல் பிறந்தவர் அன்ன மரி ஜவுகே. புரட்சிக் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த குருக்களுக்கு உதவி செய்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த துணிச்சல்காரப் பெண். 1807-இல் தம் உடன்பிறந்த சகோதரிகள் மூவரோடும் வேறு சில தோழியரோடும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1812-இல் குளூனியில் பழைய மடம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. புனித சூசையப்பரின் குளூனி சபை என்று பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பெரிய கோவிலை இடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தச் சிறு மடத்திலிருந்து பெண்கள் கப்பல் ஏறினார்கள். 1817-இல் இந்துமாக்கடலின் பூர்போன் தீவுக்கும், பின்னர் ஆப்பிரிக்காவுக்கும், 1827-இல் நம் புதுவைக்கும் வந்து சேர்ந்தார்கள். அன்ன மரி அம்மையார் தாமே தென் அமெரிக்காவின் கயானாவுக்குச் சென்று, விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளுக்காக உழைத்தார். 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

குளூனியில் 187 மீட்டர்க் கோவில் இல்லாமற் போயிற்று. ஒரு விவசாயியின் மகள் அனுப்பிய பெண்களால் அந்த ஊரின் பெயர் என் தாயின் வாயில் வாழ்ந்தது.

தெய்சே

குளூனியிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் தெய்சே குன்றை அடையலாம். 1940 ஆகஸ்டு மாதம், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டஸ்டாண்ட் இளைஞர் ரோஜர் இங்கே வந்து ஒரு வீடு வாங்கினார். யூதர் உட்பட அடைக்கலம் தேடி வந்தவர்களை அதில் மறைத்துவைத்துக் காப்பாற்றினார். போர் முடிந்த பின், அருகில் அடைபட்டிருந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளையும் வரவேற்று உணவிட்டார். பகைவருக்கும் ஒரே வீட்டில் இடம் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். 1949 உயிர்ப்பு விழாவில் எழுவர் வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடுத்தனர். இன்று கத்தோலிக்கரும் பிற சபையினருமாகப் பல நாட்டுச் சகோதரர்கள் அங்கே ஒன்றாக வாழ்கின்றனர். 1985-ஆம் ஆண்டு இறுதியில் அவர்கள் சென்னையில் இளைஞர் கூட்டம் நடத்தினார்கள் என்பதை உங்களில் மூத்தவர்கள் நினைவுகூரலாம்.

இவர்கள் நன்கொடை வாங்குவதில்லை. தங்கள் குடும்பச் சொத்து வந்தாலும் தங்களுக்கென்று வைத்துக்கொள்வதில்லை. மண்பாண்டங்கள் செய்தும் புத்தகங்கள் வெளியிட்டும் பிழைக்கிறார்கள். கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகிறார்கள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: சாப்பாட்டுத் தட்டுகள் கழுவுவது! என் பக்கத்தில் போலந்து நாட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன். அவன் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவனுக்குத் தெரியாது. தட்டுகள் சுத்தமாயின.

நாள்தோறும் மூன்று வேளைச் செபம். எல்லாரும் தரையில் அமர்கிறார்கள். சிறு சிறு வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடியபின், நடுவில் ஏறத்தாழ பத்து நிமிடம் மௌனம். அத்தனை ஆயிரம் இளைஞர்கள் அசையாமல் அமர்ந்திருக்கக் கண்டபோது, இளைஞர்களுக்குச் செபத்தில் நாட்டமில்லை என்று நாம் எளிதாகச் சொல்லும் பேச்சு என் காதில் வேறுவிதமாக ஒலித்தது.

2005 ஆகஸ்டு 16 அன்று மாலைச் செபத்தின்போது, 90 வயதான சகோதரர் ரோஜரை மனநலம் குன்றிய பெண் ஒருவர் கத்தியால் குத்திக் கொன்றார். அடக்கச் சடங்கில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற சகோதரர் அலோயிஸ், அந்தப் பெண்ணுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கிராமக் கோவிலின் பக்கத்தில் சகோதரர் ரோஜரின் எளிய கல்லறை இருக்கிறது.

ரூ து பாக்

கடைசியாகப் பாரிஸ் நகரின் ரூ து பாக் என்னும் தெரு. 140-ஆம் எண் கட்டடத்தில் அன்னை மரியா 1830-இல் புனித கத்தரீன் லபூரேக்குக் காட்சி கொடுத்த சிற்றாலயம் இருக்கிறது. நம் தாய்மார்கள் கழுத்தில் அணியும் அற்புதச் சுரூபம் அங்கிருந்து வந்தது. எந்நேரமும் கூட்டம். அதே தெருவில் 128-ஆம் எண் வாசலில் அவ்வளவு கூட்டம் இல்லை. அதுதான் 1658-இல் தோன்றிய பாரிஸ் வேதபோதக சபையின் தலைமை இல்லம். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குருக்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பிய வீடு. அவர்களில் 23 பேர் வேதசாட்சிகளாக மரித்துப் புனிதர் பட்டம் பெற்றவர்கள். நம் புதுவை மறைத்தளம் 1776-இல் இச்சபையின் பொறுப்புக்கு வந்தது.

அங்கே 1868-இல் தீட்டப்பட்ட ஓர் ஓவியம் உண்டு. கடல் கடந்து செல்லும் இளம் குருக்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்கிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுகிறார்கள். அக்காலத்தில் அதுவே வழியனுப்பும் சடங்கு. அதில் பெற்றோரும் உறவினரும் கலந்துகொள்வார்கள். சென்றவர்களில் பெரும்பாலோர் மீண்டும் தாய்முகம் காணவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்தவர்தான் துய்ப்புய் சுவாமியார். பெண் பிள்ளைகளின் கல்விக்காக 1844-இல் புதுவையில் நம் நாட்டுப் பெண்களைக் கொண்டே கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். முசே சுவாமியாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியும் இயற்றினார்.

இன்று அந்த நாட்டில் குருமாணவர் குறைவு. நம் நாட்டுக் குருக்கள் அங்கே பல பங்குகளில் பணியாற்றுகிறார்கள். வாங்கிய கடனை ஓரளவு திருப்பிக் கொடுக்கிறோம் என்று மகிழலாம். ஆனால் நம் வீடுகளிலும் நிலை மாறிவருகிறது.

நமக்கு

அன்பர்களே, பொன்விழாவில் நாம் என்ன கட்டினோம் என்று மலரில் பட்டியல் போடுகிறோம். போட வேண்டியதுதான், உழைத்துச் சேர்த்த காசு. குளூனியைப் பார்த்துவந்தவன் என்ற முறையில் இன்னொரு பட்டியலையும் கேட்கிறேன்: இந்த 50 ஆண்டுகளில் நாம் யாரை, யாருக்குக் கொடுத்தோம்?

இதைப் பிறர் வீட்டைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. என் பேத்தி, பெற்றோருக்கு ஒரே பிள்ளை, படிப்பு முடிந்ததும் கன்னியர் மடத்தில் சேர விரும்புவதாகச் சொன்னாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஆறு பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள், இன்று இருப்பதே ஒன்றுதானே என்று என் மகள் அழுதாள். அந்தக் கண்ணீரை நான் குறைவாக எண்ணவில்லை. அவளை அழைத்து அந்த ஓவியத்தில் கண்டதைச் சொன்னேன். பாதம் முத்தமிட்ட தகப்பன்மாரும் அழுதிருப்பார்கள், ஆனாலும் கையை இழுத்துப் பிடிக்கவில்லை என்றேன். முடிவு பேத்தியுடையது, காலம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், முதல் சொல்லாக "வேண்டாம்" என்பது வராமல் இருக்கட்டும். அதுவே என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, மௌனம். நற்கருணை வாங்கியபின் ஐந்து நிமிடம் பாட்டும் அறிவிப்பும் இல்லாமல் இருக்கப் பங்குப் பேரவை ஆவன செய்ய வேண்டும்.

மூன்றாவது, வரவேற்பு. வந்தவரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த கத்தோலிக்க இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்கள் மொழி நமக்குத் தெரியாது. தட்டுக் கழுவ எனக்கும் அந்த மாணவனுக்கும் மொழி தேவைப்படவில்லை. பொன்விழா விருந்தில் அவர்களை நம் பக்கத்தில் உட்கார வைப்போம்.

 எங்கள் குடும்பத்துக்காகவும் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!