வண்டிக் கொட்டகையும் வருமுன் காத்தலும்



திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகள் பலவற்றில் வில்வண்டிக்கென்று ஒரு கொட்டகை இருந்தது. செங்கல் தூண்கள், பனஞ்சட்டம், மேலே ஓடு, கீழே மண் தரை. பக்கங்களெல்லாம் திறந்த வெளி. காலம் மாறியது. மாடு போயிற்று, மோட்டார் வந்தது. திறந்திருந்த பக்கங்களுக்குச் சுவர் எழுப்பினோம். கதவு வைத்துப் பூட்டினோம். கள்வர் பயம் நீங்கியது. ஆனால் காற்றும் நின்றது. வைக்கோல் கிடந்த இடத்தில் இன்று பெட்ரோலும் பாட்டரியும் மின்கம்பியும் குடியிருக்கின்றன.

வீட்டின் மற்ற அறைகளை நாள்தோறும் பெருக்குகிறோம். கொட்டகையையோ, வண்டியை உள்ளே விட்டதும் மறந்துவிடுகிறோம். ஆகையால் அங்கே தோன்றும் பழுது முற்றிய பின்னரே நம் கண்ணில் படுகிறது. அதை முளையிலேயே அறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது நம் ஊருக்குப் புதிய பாடமன்று. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் இறுதியானதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. ஏனையவை அதற்கும் முற்பட்டவை. அவற்றினின்றும் பிரியும் வாய்க்கால்கள் இத்தனை காலம் பயன் தந்ததற்குக் கட்டியவர் திறமை மட்டும் காரணமன்று. தண்ணீர் வருவதற்கு முன்பே ஊரார் கூடித் தூர் வாரிக் கரையைப் பார்த்தனர். குடிமராமத்து என்பது அதன் பெயர். வெள்ளம் வந்த பின் உடைப்பை அடைப்பதினும், வருமுன் நண்டு வளையை அடைப்பது எளிது என்று அவர்கள் அறிந்திருந்தனர். கொட்டகைக்கும் அத்தகைய மராமத்து வேண்டும்.

அதற்குரிய காலம் ஆவணியும் புரட்டாசியும். தென்மேற்குப் பருவமழை பொதிகை மலையில் பெய்து ஆற்றை நிரப்பும். சமவெளியில் நம் கூரையை நனைக்கும் பெருமழையோ ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். அதற்குமுன் ஒரு விடுமுறை நாளில் அரைமணி நேரம் செலவிட்டால் போதும்.

முதலில் கூரை. நண்பகலில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெயில் ஊசிபோல் நுழையும் இடமெல்லாம் மழையும் நுழையும் இடமே. ஓடு சற்று விலகியிருக்கும். கூரைமேல் நீங்கள் ஏறவேண்டா. இடத்தைக் குறித்துப் பெரியோரிடம் சொல்லுங்கள். கான்கிரீட் கூரையாயின் பழுப்பு நிறக் கோடுகளைத் தேடுங்கள். உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். அந்தப் பெருக்கமே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கோடு தோன்றும் நிலையில் செலவு குறைவு. காரை பெயர்ந்து தலையில் விழும் நிலையில் செலவும் மிகுதி, ஆபத்தும் மிகுதி.

அடுத்தது சுவர். அடிப்பகுதியில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால், நிலத்து ஈரம் சுவரில் ஏறி உலர்கிறது என்று பொருள். அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பது நோயை மூடி மறைப்பதாகும். நீர் எங்கிருந்து வருகிறது என்று காண்பதே மருத்துவம். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டாத வெடிப்பு பெரும்பாலும் பழைய தழும்பு. தாண்டிய வெடிப்பு வளர்கின்ற நோய். அதனைக் கொத்தனாரிடம் காட்டவேண்டும்.

சுவரில் விரலளவு அகலத்தில் மண்கோடு ஏறினால் அது கறையானின் பாதை. ஓரிடத்தில் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடியும் கட்டியிருந்தால் கறையான் உள்ளே வேலை செய்கிறது என்பது உறுதி. பழைய பலகைகளையும் காகிதக் கட்டுகளையும் சுவரோடு சாய்த்து வைப்பது அதற்கு விருந்து வைப்பதே ஆகும்.

தரையும் பேசும். வண்டியின் அடியில் இரவு ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். கரிய சொட்டு, எஞ்சின் எண்ணெய் கசிவதைக் காட்டும். பச்சை அல்லது வேறு நிறமுள்ள நீர்த்த சொட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமாகலாம். சக்கரத்தின் அருகே வழவழப்பான வெளிர்நிறச் சொட்டுக் கண்டால், பிரேக்கைச் சோதிக்கும் வரை வண்டியை எடுக்கலாகாது.

இனிக் காற்றைப் பற்றிச் சொல்வேன். உயிரைப் பற்றிய செய்தி இதுவே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தங்கும். ஈய அமிலப் பாட்டரிக்கு மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜனோ மிக இலேசானது. கூரையின் கீழ்ச் சேரும். ஒன்று கீழே, மற்றொன்று மேலே. ஆகவே கொட்டகைச் சுவரில் தரையருகிலும் கூரையருகிலும் காற்றுத் துளைகள் இருத்தல் வேண்டும். பழைய கொட்டகையின் திறந்த பக்கங்கள் தாமே செய்த வேலையை இத்துளைகள் ஓரளவு செய்யும். பெட்ரோல் வாசனை வந்தால் மின்விசையைத் தொடாதீர்கள். போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. சிறு பொறியே போதும். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து பெரியோரை அழையுங்கள்.

கார்பன் மோனாக்சைடு இன்னும் கொடியது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிவுடன் பற்றிக்கொள்கிறது. மழைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவதும், மின்சாரம் நின்ற இரவில் ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் வைத்து ஓட்டுவதும் உயிருக்கு உலை வைக்கும். தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்து மருத்துவ உதவி தேடவேண்டும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் நம் ஊர்க் கொட்டகையின் கதை முடியாது. 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்ததை மூத்தோர் அறிவர். 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் நிகழ்ந்ததை நீங்களே அறிவீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலியில் ஆற்றை அடுத்த தெருக்களில் வெள்ளம் புகுந்தது. உங்கள் கொட்டகையில் அன்று நீர் நின்ற உயரம் தெரியுமானால் சுவரில் அழியாத மையால் குறித்து வையுங்கள். மின்சாரப் பொருத்திகளும் எண்ணெய்ப் பாத்திரங்களும் அக்கோட்டிற்கு மேலேயே இருக்கட்டும்.

நீரில் மூழ்கிய வண்டியை ஆவலினால் உடனே முடுக்கிப் பார்க்கலாகாது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்க, பிஸ்டன் அதனை அழுத்த முயன்றால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். துடைத்து உலர்த்தினால் பிழைத்திருக்கக்கூடிய எஞ்சின் ஒரு நொடியில் பாழாகும். மின்சார ஸ்கூட்டர் நனைந்திருந்தால், தேர்ந்தவர் பார்க்கும் முன் மின்னேற்றுவது தீயை அழைப்பதாகும்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு ஏன் வைக்கிறோம்? ஒருநாள் வராத மாணவனை எவரும் மறக்கலாம். மூன்று திங்கட்கிழமைகள் தொடர்ந்து வராதவனைப் பதிவேடு காட்டிக் கொடுக்கும். கொட்டகைக்கும் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். தேதி, இடம், கண்ட அடையாளம், செய்த வேலை என நான்கு பத்திகள் போதும். நினைவு தளரும், எழுத்து தளராது.

இவ்வேலைக்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. நாள்தோறும் பார்த்துப் பழகிய பெரியோரின் கண்ணுக்குத் தப்புவது உங்கள் இளங்கண்ணுக்குத் தப்பாது. வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கொட்டகைக் கதவைச் சாத்தி, அண்ணாந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.