விமான மெக்கானிக் பயிற்சியும் அப்ரண்டிஸ் சட்டமும்

(தாம்பரத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கூடியிருக்கும் இடத்தில் ஆகாய விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். அதில் ஏறிப் போகிறவர்களைப் பற்றி அல்ல, அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளும் பையன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். கடன் வாங்கி ஐ.டி.ஐ. படிக்க வைத்த பிள்ளைகள்.

இந்த வட்டாரத்துக்கு விமானம் புதிதல்ல. மீனம்பாக்கத்தில் விமான நிலையம். தாம்பரத்தில் விமானப் படைத் தளம். விமானமோட்டக் கற்றுத் தரும் ஆசிரியர்களுக்கான பள்ளி 1954-இல் இங்கே வந்தது, படையின் மெக்கானிக்குகளுக்கும் இங்கே பயிற்சிக் கூடம் உண்டு. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில், ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது. தோல் பதனிட்ட ஊரிலேயே விமானப் படிப்பு!

விமானத்தின் சக்கரத்தை இழுப்பதும் இறக்குவதும், பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் ஹைட்ராலிக் வேலை. பஞ்சுப் பொதி அழுத்தும் பிரஸ்ஸை ஆலைத் தோழர்கள் அறிவார்கள். டிராக்டர் டிரெய்லர் தூக்கி மண் கொட்டுவதைக் கிராமத்துத் தோழர்கள் பார்த்திருப்பார்கள். குழாயில் அடைபட்ட எண்ணெயைப் பம்பு அழுத்துகிறது, அது மறுமுனையில் பிஸ்டனைத் தள்ளுகிறது. தத்துவம் இவ்வளவுதான். ஆனால் பல பயணி விமானங்களில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. கட்டைவிரல் நகத்தின் மேல் மூன்று மூட்டை நெல்லை ஏற்றுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அழுத்தத்தில் குழாயில் ஊசித் துளை விழுந்தால், பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. கசிவு எங்கே என்று பையன் கையால் தடவிப் பார்த்தால் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். வலி குறைவு என்று அசட்டையாக இருந்தால், சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்கும்படி ஆகிவிடும். உடனே அறுவை சிகிச்சை வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார் என்று சொல்லித் தர, அனுபவமுள்ள மூத்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டாமா? பல இடங்களில் பையனிடம் துடைப்பத்தைக் கொடுக்கிறார்கள். அல்லது நிரந்தரத் தொழிலாளி செய்ய வேண்டிய வேலையை முழுதாக அவன் தலையில் கட்டுகிறார்கள்.

பழுது பார்ப்பதில் பிசகினால் என்ன ஆகும்? 1978-இல் ஜப்பானில் ஒரு போயிங் 747 விமானத்தின் வால் தரையில் உரசியது. அதைச் சரி செய்தபோது, இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கும்படி தகட்டைப் பொருத்திவிட்டார்கள். ஏழு வருஷம் பறந்தது. 1985 ஆகஸ்டு 12 அன்று பின்சுவர் பிளந்து, நான்கு ஹைட்ராலிக் வழிகளும் அறுந்தன. விமானியின் கைக்கு விமானம் அடங்கவில்லை. 524 பேரில் 520 பேர் மாண்டனர்.

இவ்வளவு பொறுப்புள்ள வேலையைக் கற்கிறவனைச் சட்டம் என்னவென்று அழைக்கிறது? 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அவன் தொழிலாளியே அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா என்கிறது. 2014-இல் திருத்தினார்கள். வேலை நேரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் முதலாளியிடம் போயிற்று. சட்டத்தை மீறும் முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனை அபராதமாகச் சுருங்கிற்று. வேலை கொடுப்பது பற்றியோ, ஒவ்வொரு முதலாளியும் தானே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளலாமாம்! பூனையிடம் பாலைக் காவல் வைத்த கதை. 2019-இல் திருத்திய விதியில் குறைந்தபட்ச உதவித் தொகை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். தாம்பரத்தில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இது காணுமா?

ஆனால் அதே சட்டத்தில் நமக்குப் பிடி கிடைக்கும் இடங்களும் உண்டு. 14-ஆவது பிரிவின்படி, தொழிற்சாலையில் பயிலும் அப்ரண்டிஸுக்கும் பாதுகாப்பு விதிகள் உண்டு. 16-ஆவது பிரிவின்படி காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு. ஆலோசகர் அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சி பெற்றவருக்கு, மற்றத் தகுதிகள் சமமாயிருந்தால், வேலையில் முன்னுரிமை என்று 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது.

எனவே பிள்ளைகள் பயிற்சிக்குச் சேர்ந்ததும் ஒப்பந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது பதிவாகியிருக்கிறதா, எந்தத் தொழில், எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றாடம் கொடுத்த வேலையைப் பையன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவரட்டும். நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கம் அந்த நோட்டை மாதம் ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும்.