ஏரியின் ஆழமும் கைபேசியின் படமும்

டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கிலிருந்து விடுமுறை நாட்களில் டிராவிஸ் ஏரிக்குப் படகோட்டச் செல்லும் அன்பர்கள், வழிகாட்டும் செயலிகளுள் எதைக் கைபேசியில் இறக்கிக்கொள்வது என்று விசாரிக்கும்போது, படத்தின் அழகையும் சந்தாத் தொகையையும் பற்றியே கேட்கிறார்கள். ஏரியின் ஜலமட்டத்தைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

கொலராடோ நதியை மான்ஸ்ஃபீல்டு அணை மறித்து உண்டாக்கிய இந்நீர்த்தேக்கம், கடல் மட்டத்திற்கு மேல் 681 அடியில் நிறைந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் 1951-இல் 614 அடிக்கு இறங்கியும், 1991 டிசம்பரில் 710 அடிக்கு ஏறியும் இருக்கிறது. இத்தனை சஞ்சலமுள்ள ஏரியில், ‘சம்டைம்ஸ் தீவுகள்’ எனப்படும் மேடுகள் நீர் உயர்ந்தால் மறைவதிலும், தாழ்ந்தால் தலைநீட்டுவதிலும் ஆச்சரியமில்லை. அவை ஓரடி நீருக்கடியில் கிடக்கும் நாளில்தான் அபாயம் அதிகம்.

ஆகவே, நேவியானிக்ஸ் போன்ற செயலி ஆழக்கோடுகளை எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும், அவை எந்த மட்டத்தை ஆதாரமாகக் கொண்டவை என்று பார்த்து, கீழ்க் கொலராடோ நதி ஆணையம் வெளியிடும் அன்றைய மட்டத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கணக்கில் கொள்வது அவசியம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் (NOAA) இலவசக் கடற்படங்களை மட்டுமே காட்டும் செயலி கால்வெஸ்டன் வளைகுடாவுக்கு உத்தமம். இந்த ஏரிக்கு உதவாது.

குன்றுகளுக்கிடையே சிக்னல் நின்றாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், படம்தான் வராது. எனவே வீட்டு வைஃபையிலேயே ஏரிப்படம் முழுவதையும் இறக்கிவைக்க இடங்கொடாத செயலியை, எத்தனை பிரசித்தி பெற்றதாயினும், நான் சிபாரிசு செய்யேன். ஆகஸ்ட் வெயிலில் கைபேசி கொதித்துத் தானே அணைந்துவிடுவதும் உண்டாதலால், அதை நிழலில் பொருத்தி, பவர் பேங்க் ஒன்றையும் நீர்புகாப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு காகித வரைபடமும் இருந்தால் படகுக்குப் பாரமில்லை.